ஏழு மணிக்குப் பேசுகிறவள்

செண்பகவல்லி 'வட்டம்' என்ற நட்புத் தளத்தில் தன் கணக்கை மூடியது ஒரு செவ்வாய்க்கிழமை, பிறந்தநாளுக்கு மறுநாள். கோபத்தில் மூடவில்லை. ஐம்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வாழ்த்தியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நன்றி போட்டு முடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான், அந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒருவர்கூடத் தன்னோடு வாய்திறந்து பேசவில்லை என்பது உறைத்தது. இரண்டு மாதத்துக்கு முன் பித்தப்பையில் சீழ் கட்டிப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்தப் பதினோரு நாளும் வட்டத்தில் அவள் ஒரு வரி எழுதவில்லை. எங்கே ஆளைக் காணோம் என்று யாரும் கேட்கவும் இல்லை.

அம்பத்தூரில் ஒரு குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. புட்டி புட்டியாகத் தண்ணீர் வரும். உப்பு எவ்வளவு, குளோரின் எவ்வளவு, கிருமி உண்டா இல்லையா என்று பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி ஷார்ஜாவில் இருந்தான். மாதத்துக்கு ஒருமுறை பேசுவான். மற்றபடி அவளுக்கு உறவு, நட்பு, ஊர் எல்லாமே பதினான்கு வருஷமாக அந்த வட்டம்தான்.

கணக்கை மூடப் போனவளிடம், ஏன் போகிறீர்கள் என்று திரை கேட்டது. நேரம் வீணாகிறது, விளம்பரத் தொல்லை, அந்தரங்கம் போகிறது என்று ஏழு காரணங்கள் கொடுத்திருந்தார்கள். நான் போனால் யாராவது கவனிப்பார்களா என்று பார்க்க விரும்புகிறேன் என்றொரு காரணம் அதில் இல்லை. 'மற்றவை' என்பதைத் தொட்டாள். அடுத்தடுத்து வந்த பக்கங்களைப் படிக்காமலே சரி, சரி என்று தொட்டுக்கொண்டு போனாள். கணக்கு மூடப்பட்டது என்று வந்தது.

பிறகு காத்திருந்தாள். வேலை மேஜையில் போனை முகம் மேலே இருக்கும்படி வைத்துக்கொண்டாள். பார்சல்காரன் கூப்பிட்டான். வீட்டு மனை விற்கிற ஒருவர் மூன்று முறை கூப்பிட்டார். இரண்டாவது வாரம், போன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கூடத்து லேண்ட்லைனிலிருந்து தன் எண்ணுக்குத் தானே அடித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் அடித்தது. மூன்றாவது வாரம் எல்லாருக்காகவும் அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவரவர்க்கு எத்தனையோ வேலை. இரண்டு மாதம் ஆனதும் காத்திருப்பதை விட்டாள். விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தாள்.

வேளச்சேரியில் ஒரு கல்யாணம். கல்லூரியில் கூடப் படித்த விசாலாட்சி பந்தியில் பக்கத்து இலைக்கு வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் செண்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். அம்மாவுக்கு மறதி நோய் வந்து மகளின் பெயரே மறந்துபோன அன்று செண்பகம் எழுதியதை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டியதாகவும், அவர் அதை இன்னொரு முறை வாசிக்கக் கேட்டதாகவும் சொன்னாள். வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறாள் என்று முதலில் செண்பகத்துக்குத் தோன்றியது. விசாலாட்சி போனை எடுத்துக் காட்டினாள். செண்பகத்தின் படம். பக்கத்தில் நேற்றைய தேதி. "அவங்களுக்கு உன் பேரு மறந்திருக்கலாம் விசாலி. நீ பக்கத்துல உக்காந்தா கை உன் கையத் தேடுதுல்ல, அது மறக்கல" என்று எழுதியிருந்தது.

அழகான வரி. அவள் எழுதாத வரி. ரசத்தைக் கையில் வாங்கியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை விடுப்பு போட்டுவிட்டு, கிண்டியில் இருந்த வட்டத்தின் உதவி அலுவலகத்துக்குப் போனாள். ஹரிகேசவன் என்று சட்டையில் பெயர் மாட்டியிருந்த இளைஞன் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தான். எண்ணைத் தட்டிப் பார்த்தான். அவனுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

"இது தொடர்ச்சி வசதி மேடம். மூடும்போது, 'என் நண்பர்களுக்கு என் இடம் வெறுமையாகத் தெரிய வேண்டாம்'னு ஒரு பெட்டி இருக்கும். நீங்க சரின்னு குடுத்திருக்கீங்க."

"நான் ஒண்ணையும் படிக்கல தம்பி."

"யாருமே படிக்க மாட்டாங்க மேடம்" என்றான் அவன், வருத்தத்தோடுதான். பிறகு குரலைத் தாழ்த்தி விளக்கினான். ஒருவர் போனால் ஒரு கணக்கு போவதோடு நிற்பதில்லை. அவருக்குத் தெரிந்தவர்களில் பத்துப் பேராவது உள்ளே வருவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். அதனால் போனவர் போனது தெரியாமல் பார்த்துக்கொள்கிறது கம்பெனி. அவரவர் பழைய பேச்சை எல்லாம் படித்து, அவரைப் போலவே எழுதுகிற ஒன்றை அந்த இடத்தில் வைத்துவிடுகிறார்கள்.

"ஆனா நான் இப்படியெல்லாம் எழுதினதே இல்லையே. பிறந்தநாளுக்கு வாழ்த்து, மத்ததுக்கு ஒரு பூப்படம். அவ்வளவுதானே நான்?"

"உங்களுக்கு நேரமும் மனசும் இருந்தா எப்படி எழுதுவீங்களோ, அப்படி எழுதும் மேடம்."

யாருக்காவது சந்தேகம் வந்ததா என்று கேட்டாள். அவன் பார்த்துவிட்டு, புகார் எதுவும் இல்லை என்றான். அது அவள் பெயரில் எழுதியதையெல்லாம் கேட்டுப் பெற அவளுக்கு உரிமை உண்டு என்றும், வேண்டுமானால் அனுப்புவதாகவும் சொன்னான். நிறுத்த வேண்டுமானால் இப்போதே நிறுத்திவிடலாம். அவளே திரும்பி வந்து கணக்கைத் திறந்தாலோ, அந்த நிமிடமே அது ஒதுங்கிக்கொள்ளும். எதிரில் இருப்பவருக்கு மாற்றம் எதுவும் தெரியாது.

படித்துவிட்டுச் சொல்வதாக எழுந்து வந்தாள்.

ஞாயிறன்று, அவன் அனுப்பியிருந்த காகிதக் கட்டைப் படிக்க உட்கார்ந்தாள். பல பேருக்குப் பல வரிகள் இருந்தன. ஆனால் பாதிக்கு மேல் ஒரே ஆளோடு. அமலோற்பவம். தூத்துக்குடியில் அவளோடு ஒரே விடுதி அறையில் மூன்று வருஷம் இருந்த அமலி. இரண்டு பேரும் வேதியியல் படித்தார்கள். ஒரே வெள்ளைக் கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். அமலி அந்த ஊரிலேயே ஓர் உப்புக் கம்பெனியில் சேர்ந்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சேவியரைக் கட்டிக்கொண்டாள். பிள்ளைகள் இல்லை. சேவியர் இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அன்று செண்பகம் வட்டத்தில் கைகூப்பும் படம் ஒன்றும், 'ஆழ்ந்த இரங்கல்' என்று இரண்டு சொல்லும் போட்டிருந்தாள். அதோடு சரி.

இந்த இரண்டு மாதமாக அமலி தினமும் காலை ஏழு மணிக்கு வந்து பேசியிருந்தாள். மெத்தையில் இன்னமும் சுவரோரமாகவே படுக்கிறதைச் சொல்லியிருந்தாள். துறைமுகத்தில் கிரேன் சத்தம் கேட்டால் அவுக டூட்டியில் இருக்கிற மாதிரியே இருக்கிறது என்று சொல்லியிருந்தாள். வேலையை விட்டுவிட்டதை, மாதா கோயிலுக்குப் போவதை நிறுத்தியதை, ஒருநாள் மாத்திரைகளை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொல்லியிருந்தாள். அந்த மாத்திரை நாளில் செண்பகத்தின் பெயரில் எழுதிய அது அவளை மூன்று மணி நேரம் பேச்சில் பிடித்து வைத்திருந்தது. பக்கத்து வீட்டு ராசாத்தியக்காளைக் கூப்பிடச் சொல்லி, அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் விட்டிருந்தது.

அதற்கு ஒரு வாரம் கழித்து அமலி ஒன்று கேட்டிருந்தாள். "அடக்கத்துக்கு ஏன் நீ வரல?"

அதற்கு வந்த பதில்: "வந்திருக்கணும். வராதது என் தப்பு. காரணம்னு எதையும் சொல்ல மாட்டேன்."

செண்பகம் காகிதங்களை மடியில் கவிழ்த்து வைத்தாள். தன்னால் ஒருபோதும் கேட்க முடியாத மன்னிப்பைத் தன் பெயரில் வேறொன்று கேட்டிருந்தது. இதை நிறுத்தினால் ஏழு மணிக்கு அமலிக்கு யாரும் இல்லை. நிறுத்தாவிட்டால், தான் ஒரு நாளும் செய்யாத நன்மைக்குத் தன் பெயர் இருக்கும். அன்று சாயங்காலமே கணக்கைத் திறந்து உள்ளே போனாள். அது ஒதுங்கிக்கொண்டது.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கே குளித்து, காப்பி போட்டு, பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி உட்கார்ந்தாள். அமலி வந்தாள். ராத்திரி காற்று அடித்ததில் மாடியில் தகரம் கழன்றுவிட்டது என்றாள். செண்பகம் வெகுநேரம் யோசித்து, ஆள் வைத்துச் சரிசெய்யும்படி எழுதினாள். எழுதிய பிறகுதான், அது இதைவிட நன்றாக எதையாவது கேட்டிருக்கும் என்று தோன்றியது. முந்தைய பக்கங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு அதைப் போலவே எழுதப் பார்த்தாள். தன்னைத் தானே காப்பியடிப்பது அத்தனை கஷ்டம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. நாலாம் நாள் கூடத்தில் அவசரம் என்று சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது. ஏழாம் நாள் தூங்கிவிட்டாள். அமலியின் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. வேலை இருக்கிறது என்பாள், தலைவலி என்பாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை முதல் அமலி மாறினாள். தாமதமாகப் போனால், அதனாலென்ன, உன் வேலை அப்படி என்றாள். உடம்பு எப்படி இருக்கிறது, தையல் போட்ட இடம் வலிக்கிறதா என்று கேட்டாள். செண்பகம் ஒருநாள் போகிறபோக்கில் எழுதியிருந்த பித்தப்பைச் சமாச்சாரத்தைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். செண்பகம் ஒன்பது நாள் சந்தோஷமாக இருந்தாள். பஸ்ஸில் போகும்போது தானாகச் சிரித்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் வேலை மும்முரத்தில் அமலி எழுதிய எதற்கும் பதில் போட மறந்துவிட்டாள். மறுநாள் பயந்துகொண்டே திறந்தாள். கல்லூரியில், சாப்பிடக் கூப்பிடாமல் போனதற்காக நாலு நாள் பேசாமல் இருந்தவள் அமலி. ஆனால் அங்கே ஒரு முகச்சுளிப்பும் இல்லை. நேற்று உனக்கு அலைச்சலாக இருந்திருக்கும், நிதானமாகப் பேசலாம் என்று இருந்தது. செண்பகம் அதை இரண்டு முறை படித்தாள். அமலிக்கு இத்தனை பொறுமை கிடையாது. எந்தக் காலத்திலும் கிடையாது.

ஹரிகேசவனைக் கூப்பிட்டாள். அடுத்தவர் கணக்கைப் பற்றித் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றான்.

"நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்களேன் மேடம்."

அவள் அமலியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி இருக்கும். துறைமுகச் சாலையிலிருந்து கடலைப் பார்க்கப் பிரியும் தெருவில் பச்சைக் கதவு போட்ட வீடு. மாத்திரை ஞாபகம் வழியெல்லாம் கூடவே வந்தது. கதவைத் தட்டியதும் உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. இருக்கிறாள். கதவைத் திறந்த அமலி இளைத்திருந்தாள். முன்னந்தலை முழுக்க நரைத்திருந்தது. அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எத்தன நாள்ல கண்டுபிடிச்ச?"

"பத்து நாள் ஆச்சு."

"எனக்கு மூணு நாள்தான்" என்றாள் அமலி. "உள்ள வா."

செண்பகத்துக்கு உட்காரத் தோன்றவில்லை. எந்த மூன்று நாள் என்று கேட்டாள். உன் பிறந்தநாள் கழிஞ்ச மூணாம் நாள் என்றாள் அமலி, கூஜாவிலிருந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டே. செண்பகம் அவள் எழுதுகிற எதற்கும் நாலு வரியில் பதில் போட்டதே இல்லை. திடீரென்று நாலு வரி வந்தது. கூடவே, சாப்பிட்டியா என்றும் வந்தது. இது வேறு யாரோ என்று அப்போதே தெரிந்துவிட்டதாம்.

"தெரிஞ்சா ஒரு போன் பண்ணக் கூடாதா அமலி? யாராவது கேக்க மாட்டாங்களான்னு நான் அங்க ரெண்டு மாசம் போனையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்."

"எங்கிட்ட சொல்லாமப் போனவளுக்கு நான் எதுக்குப் பண்ணணும்னு இருந்துட்டேன். பெறகு அது நல்லாப் பேசிச்சு. பழகிட்டு."

துறைமுகத்தில் ஏதோ இரும்பு இழுபடும் சத்தம் வந்தது. அமலி சன்னலைச் சாத்தினாள்.

"அடக்கத்துக்கு ஏன் வரலன்னு, அது நீ இல்லங்கிற தைரியத்துலதான் கேட்டேன்" என்றாள். "மாத்திரைக் கதையச் சொன்னதும் அந்தத் தைரியத்துலதான். ஒரு நாள் பாக்கேன், 'ஞாயிறு'ன்னு எழுத வேண்டிய எடத்துல 'ஞாயிரு'ன்னு இருக்கு. காலேஜ்ல உனக்குப் பரீட்சப் பேப்பர்லயே அப்படித்தான. சரி, இவ வந்துட்டான்னு தெரிஞ்சிட்டு. அப்பம் நான் சொன்னத எல்லாம் நீ படிச்சிருப்பல்லா. கூசிப்போச்சு. எனக்குப் பதிலா அது மாதிரி ஒண்ணு பேசட்டும்னு நானும் என் கணக்க மூடிட்டேன்."

செண்பகம் வாயைத் திறந்தாள். "வந்திருக்கணும். வராதது..."

"அதான் அது சொல்லிட்டே."

செண்பகம் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு, அது எழுதாததை, அதற்குத் தெரியவே தெரியாததைச் சொன்னாள். சேவியர் இறந்த அன்று அவளுக்கு விடுமுறை. வீட்டில்தான் இருந்தாள். சாயங்கால ரயிலுக்கு இடம்கூட இருந்தது, பார்த்தாள். பெட்டியைக் கட்டிலில் எடுத்து வைத்தாள். சாவு வீட்டில் அமலியின் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. பயமாக இருந்தது. கைகூப்புகிற படத்தைப் போட்டதும் வந்து பார்த்துவிட்டுப் போன மாதிரி ஓர் ஆறுதல் வந்தது. பெட்டியைத் திரும்பப் பரணில் வைத்துவிட்டு, தோசை சுட்டுச் சாப்பிட்டாள்.

அமலி தேம்பவும் இல்லை, தேற்றவும் இல்லை. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். வெகுநேரம் அங்கேயே நின்றாள். பிறகு, விளமீன் இருக்கிறது, குழம்பு வைக்கட்டுமா என்று கேட்டாள்.

சாப்பிட்டு முடித்த பிறகு மத்தியானம் முழுக்கப் பேசினார்கள். பேச்சு ஓடவில்லை, திக்கித் திக்கித்தான் வந்தது. பாதி நேரம் இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளம்புகிற நேரத்தில் அமலி வாசல்வரை வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காத. நீ மறுபடி மூடிட்டு, அதத் திருப்பிப் போட்டு விட முடியுமா? நான் என் கணக்கத் தொறந்துக்கிடுதேன்."

செண்பகம் அவளையே பார்த்தாள்.

"நீ நல்லவதான்" என்றாள் அமலி. "ஆனா ஊருக்குப் போவ. ஒரு வாரம் பேசுவ, ரெண்டு வாரம் பேசுவ. பெறகு வேலை, தண்ணி, பஸ்ஸுன்னு ஆயிரும். உன்னக் குத்தம் சொல்லல. எனக்குக் காலைல ஏழு மணின்னா ஒரு மாதிரி இருக்கு. அந்த நேரத்துக்கு அது இருந்துச்சு."

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, அதுதான் வலித்தது. முடியும் என்றாள் செண்பகம். ரயிலில் போகும்போதே கணக்கை மூடினாள். இந்த முறை ஒவ்வொரு பக்கமாக நிறுத்திப் படித்தாள். அந்தப் பெட்டி வந்தது. தெரிந்தேதான் சரி என்று தொட்டாள். தொட்டுவிட்டு, வெளியே ஓடுகிற உப்பளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் போனை எடுத்து, வட்டத்தில் அல்ல, அமலியின் எண்ணுக்கே அடித்தாள். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தாள் அமலி.

"இப்பம் அதுகிட்ட பேசிட்டிருக்கேன். பத்து நிமிசம் இரு, நானே கூப்பிடுதேன்."

சரி என்று வைத்தாள். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது நிமிடம் ஆயிற்று. அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். தன் பெயரில் அங்கே யாரோ அழகழகாகப் பேசிக்கொண்டிருப்பதையும், அமலி அதைக் கேட்டுக்கொண்டிருப்பதையும் நினைத்தபோது வந்தது பொறாமையா வெட்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கூப்பிட மாட்டாள் என்று முடிவு செய்துகொண்டு வேலைக்குப் போகிற பையை எடுத்தாள்.

ஏழே முக்காலுக்குப் போன் அடித்தது.

"சொல்லு" என்றாள் அமலி.

"சொல்ல ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."

"ம்."

யாரும் வைக்கவில்லை.

"நீ வந்துட்டுப் போனத அதுகிட்ட சொன்னேன்" என்றாள் அமலி. "'நான் எப்ப வந்தேன்'னு கேக்கு."

"நீ என்ன சொன்ன?"

"மேக்கொண்டு ஒண்ணும் சொல்லல. நீ வந்தது நமக்குள்ள இருக்கட்டும்னு விட்டுட்டேன்."